இதய மாத்திரையை நிறுத்திவிட்டுப் பல் பிடுங்கலாமா?

தேவகோட்டைக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருப்பதால், நான்கு பக்கக் கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருடைய அம்மாவுக்கு வயது 66. பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. ஏழு மாதத்துக்கு முன் மாரடைப்பு வந்து மதுரையில் ஸ்டென்ட் வைத்தார்கள். ரத்தம் கட்டாமலிருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் என்று இரண்டு மாத்திரை தினமும் சாப்பிடுகிறார். மூன்று வாரமாக வலது பக்க மேல் கடைவாய்ப் பல்லில் வலி. முதலில் காபி பட்டால் சுரீரென்று இழுத்தது. அப்புறம் ராத்திரி படுத்தாலே விண்விண் என்று தெறித்தது. இரண்டு முறை கன்னம் வீங்கியது. மருந்துக்கடையில் சொல்லி வாங்கிய கேப்ஸ்யூலும் டைக்ளோஃபினாக் வலி மாத்திரையும் சாப்பிட, வீக்கம் வடிந்தது. பத்தே நாளில் திரும்பவும் வந்தது.

மூன்று இடத்தில் காட்டியிருக்கிறார்கள். இரண்டு இடத்தில் வேர் சிகிச்சை (ரூட் கெனால்) செய்யலாம் என்றார்கள். ஒருவர் 4,000 ரூபாய், மற்றவர் 9,500 ரூபாய். மூன்றாவது இடத்தில் எடுத்துவிடலாம் என்றார்கள். இதற்கு நடுவில் பெரியம்மா ஒருவர், "மேல் பல்லைப் பிடுங்கினா கண்ணு போயிரும், நீ கண் ஆபரேஷன் பண்ணினவ" என்று சொல்லிவிட்டுப் போக, அம்மா பயந்துவிட்டார். பல்லை எடுத்தால் ரத்தம் நிற்காது என்று வேறு யாரோ சொன்னதில், இதய மாத்திரை இரண்டையும் ஐந்து நாளாக அவராகவே நிறுத்திவைத்திருக்கிறார். மூன்று வருடத்துக்கு முன் கீழ் முன் பல் இரண்டு விழுந்த இடத்தில், சந்தைக்கு வருகிற ஒருவர் ஒரு மணி நேரத்தில் 'கழற்றவே வேண்டாத பல்' கட்டிவிட்டிருக்கிறார். இப்போது அங்கே ஈறு சிவந்து ரத்தம் கசிகிறது.

அப்பாவுக்கு இன்னும் இரண்டரை மாதத்தில் எழுபது வயது விசேஷமான பீமரத சாந்தி. அதற்குள், எலும்பில் திருகு பதித்துப் பல் கட்டுகிற இம்ப்ளான்ட் வைத்து அம்மா முழுப் பல்லோடு மணையில் உட்கார வேண்டும் என்பது மகளின் ஆசை. பல்லைச் சுத்தம் செய்தால் ஆடிவிடும் என்கிறார்களே என்றும் கேட்டிருக்கிறார். "எதை முதலில் செய்வது என்றே தெரியவில்லை டாக்டர்" என்று முடித்திருக்கிறார்.

அன்புச் சகோதரி,

உங்கள் கடிதம் கைக்கு வந்த அன்றே, அதில் கொடுத்திருந்த எண்ணில் உங்களோடு பேசினேன். அன்று சொன்னதை மறுபடி இங்கே எழுதக் காரணம், உங்கள் அம்மா செய்ததையே செய்துவிட்டு என் முன்னால் வந்து உட்காருகிறவர்களை மாதந்தோறும் பார்க்கிறேன். "மாத்திரையை நாலு நாள் முன்னாடியே நிறுத்திட்டேன் டாக்டர்" என்று, ஏதோ நமக்கு உதவி செய்துவிட்ட நிம்மதியோடு சொல்வார்கள். எனக்குத்தான் நெஞ்சு திக்கென்று இருக்கும்.

முதலில் அந்த இரண்டு மாத்திரை

ஸ்டென்ட் என்பது இதய ரத்தக்குழாய்க்குள் வைத்திருக்கிற மெல்லிய கம்பி வலை. அதன் மேல் உடம்பின் சொந்தத் தோல் மெல்ல மெல்லப் படர்ந்து மூட மாதக்கணக்கில் ஆகும். அதுவரை அந்தக் கம்பியில் ரத்தம் திரண்டு கட்டிவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் செய்கிற வேலை. மாரடைப்புக்குப் பிறகு வைத்த ஸ்டென்ட் என்றால், பெரும்பாலும் ஒரு வருடம் இரண்டையும் சேர்த்துச் சாப்பிடச் சொல்வார்கள். உங்கள் அம்மாவுக்கு ஏழு மாதம்தான் ஆகியிருக்கிறது. நடுவில் நிறுத்தினால் ஸ்டென்ட் திடீரென்று அடைத்துக்கொண்டு இன்னொரு மாரடைப்பு வரலாம்.

பல் எடுத்த இடத்தில் ரத்தம் கசிந்தால் அது கண்ணுக்குத் தெரியும். பஞ்சை வைத்து விரலால் அழுத்தலாம், தையல் போடலாம். ஸ்டென்டுக்குள் ரத்தம் கட்டினால் அங்கே யார் விரலும் எட்டாது. இந்த இரண்டு அபாயத்தையும் ஒரே தராசில் வைக்கவே கூடாது. அதனால்தான் இந்த மாத்திரைகளை நிறுத்தாமலே ஓரிரு பல்லை எடுப்பது இப்போது உலகம் முழுக்க நடைமுறை. நாங்கள் செய்வது இவ்வளவுதான்: ஒரு நேரத்தில் ஒரு பல், குழிக்குள் தானாகவே கரைந்துவிடுகிற பஞ்சு, ஒன்றிரண்டு தையல், அரை மணி நேரத்துக்குக் குறையாமல் துணியை இறுகக் கடித்திருக்கச் சொல்வது, ரத்தம் நின்றதைக் கண்ணால் பார்த்த பிறகே வீட்டுக்கு அனுப்புவது. வழக்கத்தைவிடக் கொஞ்ச நேரம் கூடுதலாகக் கசியும், ஆனால் நின்றுவிடும்.

ஐந்து நாள் விட்ட மாத்திரையை எப்படித் திரும்ப ஆரம்பிப்பது என்பதை இதய மருத்துவர்தான் சொல்ல வேண்டும். விட்டதற்கெல்லாம் சேர்த்து ஒரே நாளில் கொடுத்துவிடாதீர்கள். போனில் பேசியபோது, அன்றைக்கே மதுரை டாக்டரைக் கூப்பிட்டுவிடுவதாகச் சொன்னீர்கள். செய்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். நெஞ்சில் பாரம், இடது கையிலோ தாடையிலோ பரவும் வலி, காரணமில்லாத வியர்வை, மூச்சுத் திணறல் என்று எது வந்தாலும் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். தாடையில் வருகிற வலியைப் பல் வலி என்று நினைத்துக் கிராம்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடக் கூடாது.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கிற வேறு வகை மாத்திரைகளான அசிட்ரோம், வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் கதை கொஞ்சம் வேறு. அவர்களுக்கு ஐ.என்.ஆர். என்கிற ரத்தப் பரிசோதனை பார்த்துவிட்டுத்தான் பல்லில் கை வைப்போம். அவர்களும் தாமாக நிறுத்தக் கூடாது.

இன்னொன்று, அந்த டைக்ளோஃபினாக். ஸ்டென்ட் வைத்து, ரத்தம் கட்டாமலிருக்க இரண்டு மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அது ஆகவே ஆகாது. வயிற்றில் புண்ணாகி ரத்தம் கசியலாம், இதயத்துக்கும் கெடுதல். பல்லுக்கு வேலை முடியும்வரை வலி தாங்கவில்லை என்றால் பாராசிட்டமால் போதும். ஒரு நாளைக்கு எத்தனை என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மேல் பல்லும் கண்ணும்

உங்கள் பெரியம்மா மேல் கோபப்படாதீர்கள். இந்தப் பக்கம் இதை நம்பாத வீடு குறைவு. கண் பார்வைக்கு மூளையிலிருந்து நேராக வருகிற தனி நரம்பு ஒன்று இருக்கிறது. பல்லுக்கு வருவது முற்றிலும் வேறொரு நரம்பு. அது மூன்றாகப் பிரிந்து ஒரு கிளை நெற்றிக்கும் கண் ஓரத்துக்கும், ஒன்று மேல்தாடைக்கும், ஒன்று கீழ்த்தாடைக்கும் தொடு உணர்ச்சியைக் கொண்டுபோகிறது. மேல் பல் வலித்தால் கண்ணைச் சுற்றித் தெறிப்பது இதனால்தான். பார்ப்பதற்கும் அந்த நரம்புக்கும் சம்பந்தமே இல்லை.

அப்படியானால் இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது? நான் யோசித்துப் பார்த்ததில், மேல் பல்லில் சீழ் பிடித்தால் கண்ணுக்குக் கீழே வீங்கி, சில சமயம் இமையே மூடிக்கொள்ளும். அதே நேரத்தில் பல்லை எடுத்திருப்பார்கள். தவிர, பல் ஆடுகிற வயதும் கண்புரை விழுகிற வயதும் ஒன்றாகவே வருகின்றன. பல் எடுத்த ஆறு மாதத்தில் கண் மங்கினால், பழி பல்லின் மேல் விழுந்துவிடுகிறது.

உண்மையான பயம் எதிர்ப்பக்கம்தான் இருக்கிறது. சீழ் பிடித்த மேல் பல்லை அப்படியே விட்டுவைத்தால், அரிதாக, அந்தச் சீழ் கண்குழி வரைக்கும் பரவலாம். உங்கள் அம்மாவுக்கு இரண்டு முறை கன்னம் வீங்கிவிட்டது. அவர் கண்புரை அறுவை செய்து இரண்டு வருடம் ஆகிவிட்டது என்று போனில் சொன்னீர்கள். அதனால் பல் வேலைக்கு அது எந்த வகையிலும் தடையில்லை. வீக்கம் கண்ணை நோக்கியோ தாடைக்குக் கீழே கழுத்துப் பக்கமோ போனால், காய்ச்சல் வந்தால், எச்சில் விழுங்கவோ வாயைத் திறக்கவோ முடியாமல் போனால், விடியட்டும் என்று காத்திருக்காமல் அன்று ராத்திரியே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். வெளியே கன்னத்தில் உப்பு ஒத்தடமும் கொடுக்காதீர்கள்.

பிடுங்குவதா, காப்பாற்றுவதா?

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், பல்லின் உள்ளே இருக்கிற நரம்பும் ரத்தக்குழாயும் சேர்ந்த சதை முதலில் அழற்சி கண்டு, பிறகு செத்து, வேர் நுனியில் சீழ் கட்டியிருக்கிறது. காபிக்குச் சுரீரென்ற பல், இப்போது காபிக்குச் சும்மா இருக்கும். அது குணமானதாக அர்த்தமில்லை, உள்ளே உயிர் போய்விட்டது. கேப்ஸ்யூல் சாப்பிட்டால் வீக்கம் வடிவதும் பத்து நாளில் திரும்புவதும் இதனால்தான். மருந்து ரத்தத்தின் வழியே போகிறது. செத்த பல்லுக்குள் ரத்த ஓட்டமே இல்லையே, எப்படிப் போய்ச் சேரும்? சுற்றியுள்ள வீக்கத்தை மட்டும் அடக்கும். மூலம் உள்ளேயே இருக்கும்.

ஆகவே வழி இரண்டு. உள்ளே சுத்தம் செய்து பல்லை வைத்துக்கொள்வது, இல்லையென்றால் பல்லை எடுப்பது. உங்கள் அம்மாவின் நிலையில் நான் முதலாவதைத்தான் விரும்புவேன். வேர் சிகிச்சையில் ரத்தப்போக்கு மிகக் குறைவு. புண் ஆற வேண்டிய குழியும் இல்லை. சர்க்கரை உள்ளவருக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் எக்ஸ்ரே பார்க்காமல் இதை அடித்துச் சொல்ல முடியாது. வேர் விரிசல் விட்டிருந்தால், சொத்தை ஈறுக்குள் ஆழமாக இறங்கியிருந்தால், எலும்பு கரைந்து பல் ஆடினால், எடுத்துவிடுவதுதான் சரி. எடுக்கச் சொன்ன மூன்றாவது டாக்டர் தவறாகச் சொன்னார் என்று முடிவு கட்டாதீர்கள். அவர் எக்ஸ்ரேயில் எதைப் பார்த்துச் சொன்னார் என்று கேளுங்கள்.

வேர் சிகிச்சை என்றாலே கை நடுங்குகிறது என்று அம்மா சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். மரத்துப்போக ஊசி போட்டபின் தெரிவது, வாயைத் திறந்தே வைத்திருக்கிற அலுப்பும் அதிர்வும்தான். பல்லின் மேல் சின்னத் துளை போட்டு, மயிரிழைபோன்ற ஊசிகளால் வேரின் உள்வழியைச் சுரண்டிக் கழுவுவோம். மேல் முதல் கடைவாய்ப் பல்லுக்கு வேர் மூன்று, ஆனால் உள்வழி பல பேருக்கு நான்கு. அந்த நாலாவதைத் தேடிக் கண்டுபிடிப்பதில்தான் நேரம் போகும். சுத்தமான பிறகு உள்ளே அடைக்கிற இளஞ்சிவப்புக் குச்சி எதுவென்று நினைக்கிறீர்கள்? மலாயாக் காட்டு மரத்தின் பால். கட்டாபெர்ச்சா என்ற பெயரே மலாய்ச் சொல்தான். வியாபாரம் செய்ய, அதாவது கொண்டுவிக்க, கடல் கடந்து போன நம் ஊர் ஐயாக்கள் கால் வைத்த அதே மண்ணில் விளைந்தது. இதைச் சொன்னால் எங்கள் நாற்காலியில் உட்காரும் ஆச்சிமார் பலருக்கு முகம் மலர்ந்துவிடும். பாதிப் பயம் போய்விடும். உங்கள் அம்மாவிடமும் சொல்லிப் பாருங்கள்.

இப்போது 4,000, 9,500 விஷயம். வேர் சிகிச்சை, மேலே கட்டுமான அடைப்பு, பல்லின் மேல் மாட்டுகிற உறையான கேப் என்று இதில் மூன்று வேலை இருக்கிறது. ஒருவர் முதல் வேலைக்கு மட்டும் சொல்லியிருப்பார், மற்றவர் கேப்பையும் சேர்த்துச் சொல்லியிருப்பார் என்பதுதான் என் யூகம். மூன்றையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். கேப் உலோகத்தின் மேல் பீங்கானா, சிர்க்கோனியா என்கிற வெள்ளைப் பொருளா என்பதைப் பொறுத்தும் விலை மாறும். கடைவாய்ப் பல்லுக்கு இரண்டுமே தாங்கும். கண்ணாடியில் தெரியாத இடத்துக்கு விலை உயர்ந்ததுதான் வேண்டும் என்பதில்லை.

ஆனால் கேப்பை மட்டும் விட்டுவிடாதீர்கள். வலி போய்விட்டது, அப்புறம் பார்க்கலாம் என்று போனவர்கள், விசேஷ வீட்டில் சீப்புச் சீடையைக் கடித்துப் பல் இரண்டாகப் பிளந்து, பாதியைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு வருவார்கள். அப்புறம் எடுப்பதைத் தவிர வழியில்லை. செய்த செலவு அத்தனையும் வீண்.

கீழே கட்டியிருக்கிற பல்

சந்தையில் கட்டிய பல்லை நான் பார்க்காமலே ஓரளவு சொல்லிவிட முடியும். இரண்டு பக்கத்து நல்ல பற்களைக் கம்பியால் சுற்றி, மேலே ஒரு மாவுபோன்ற அக்ரிலிக்கைப் பிசைந்து ஒட்டி, ஈறோடு சேர்த்து அமுக்கியிருப்பார்கள். கழற்றவும் முடியாது, அடியில் பிரஷ் போகவும் முடியாது. சாப்பாடு உள்ளே தங்கி ஊறி, கெட்ட வாடை, ரத்தக்கசிவு. நாளாக நாளாகத் தாங்கி நிற்கிற நல்ல பல்லும் ஆடும். இதை எடுத்தே ஆக வேண்டும். வீட்டில் இடுக்கி வைத்து இழுத்துவிடாதீர்கள். டாக்டரிடம் போனால் நுணுக்கமாக வெட்டி எடுப்பார்.

சட்டப்படி, பதிவு செய்த பல் மருத்துவர்தான் இந்த வேலை செய்யலாம். எந்தக் கிளினிக்கிலும் பதிவு எண்ணைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. சரியான டாக்டர் அதற்காகக் கோபப்பட மாட்டார். எக்ஸ்ரே, மருந்துச் சீட்டு, பில் எல்லாம் உங்களிடம் ஒரு பிரதி இருக்கட்டும். காசு கொடுத்துச் செய்த சிகிச்சையில் கவனக்குறைவு இருந்ததாகத் தோன்றினால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம். சந்தைக்காரர் விஷயத்தில் பில்லும் இல்லை, மூன்று வருடமும் ஆகிவிட்டது. அதன் பின்னால் அலைவதைவிட அம்மாவின் ஈறைக் கவனியுங்கள்.

இம்ப்ளான்ட் ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் இந்த இரண்டரை மாதத்தில் வேண்டாம். டைட்டானியம் திருகு எலும்போடு ஒட்டிப் பிடிக்கவே பொதுவாக மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். அது அவசரமில்லாத அறுவை. ஸ்டென்டுக்கு ஒரு வருடம் முடிந்து, இதய மருத்துவர் சரி என்று சொல்லி, சர்க்கரையும் கட்டுக்குள் வந்தபிறகு தாராளமாக யோசிக்கலாம். விசேஷத்துக்கு, கழற்றி மாட்டுகிற சின்னப் பல் செட் போதும். ஈறு ஆறியபின் அளவெடுத்தால் ஓரிரு வாரத்தில் கைக்கு வந்துவிடும். போட்டோவில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. ராத்திரி கழற்றித் தண்ணீரில் போட்டு வைக்க வேண்டும்.

சுத்தம் செய்தால் பல் ஆடும் என்ற கேள்விக்குச் சுருக்கமாக: ஆடாது. பல் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்கும், பல்லில் படிந்து இறுகிய காரை அதை ஒட்டவைத்தாற்போல் பிடித்திருக்கும். காரையை எடுத்ததும் உண்மை நிலை தெரிகிறது. சில நாள் கூச்சம் இருக்கும், போய்விடும்.

வெற்றிலை பாக்கு பற்றிக் கடிதத்தின் ஓரத்தில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தீர்கள், "சாப்பிட்டதும் போடுவார்" என்று. எனக்கு அது ஓர வரி இல்லை. புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-லேயே வெளியிட்டுவிட்டது, காரணம் பாக்கு. அம்மாவை வாயைத் திறக்கச் சொல்லி, அவருடைய மூன்று விரலை நெட்டுவாக்கில் அடுக்கி உள்ளே நுழைகிறதா என்று பாருங்கள். நுழையவில்லை என்றால், காரம் பட்டால் எரிகிறது என்றால், உள்கன்னத்தில் வெள்ளைத் திட்டோ இரண்டு வாரமாகியும் ஆறாத புண்ணோ இருந்தால், பல் டாக்டரிடம் அதைத்தான் முதலில் காட்ட வேண்டும். சாந்தி வீட்டில் வருகிறவர்களுக்குத் தாம்பூலம் கொடுப்பது நம் மரியாதை, அதை யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை. அம்மா வாயில் போடுவதை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள்.

போகும்போது

காலை நேரமாகப் பார்த்து அப்பாயின்ட்மென்ட் வாங்குங்கள். ஊசி போடுவார்களே என்று வெறும் வயிற்றோடு கூட்டிப் போகாதீர்கள். இட்லியோ எதுவோ வழக்கம்போல் சாப்பிட்டு, சர்க்கரை மாத்திரையும் இதய மாத்திரையும் போட்டுக்கொண்டுதான் வர வேண்டும். பட்டினியில் சர்க்கரை தாழ்ந்து நாற்காலியிலேயே மயங்கி விழுந்தவர்கள் உண்டு. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி காட்டுகிற ஹெச்.பி.ஏ.ஒன்.சி. ரிப்போர்ட், ஸ்டென்ட் வைத்த டிஸ்சார்ஜ் சம்மரி, தினமும் சாப்பிடுகிற மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். வேர் நுனியில் சீழ் இருக்கும்வரை சர்க்கரை அடங்காது, சர்க்கரை அடங்காதவரை ஈறும் ஆறாது. இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

செலவு கையைக் கடிக்கும் என்றால், சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பல் பிரிவு இருக்கிறது. புதுக்கோட்டையில் 2023-ல் அரசு பல் மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. காலையில் பஸ் ஏறினால் மாலையில் வீடு திரும்பிவிடலாம். கூட்டம் இருக்கும், இரண்டு மூன்று முறை போக வேண்டியிருக்கும். உங்களுக்கு இரண்டரை மாதம் இருக்கிறது.

இந்த வாரமே எக்ஸ்ரேயும் முதல் சிட்டிங்கும் நடந்துவிட்டால், மாத முடிவுக்குள் வேர் சிகிச்சை முடியும், அடுத்த மாதம் கேப். நடுவில் கீழே கட்டியிருக்கிற பல்லை எடுத்து ஈறை ஆறவிட்டு அளவு கொடுத்துவிடலாம். பலகாரம் சுட ஆரம்பிக்கும்போது ருசி பார்க்க அம்மாவைத்தான் கூப்பிடுவார்கள். கேப் போடும்வரை எதுவாக இருந்தாலும் இடது பக்கமாக மெல்லச் சொல்லுங்கள்.